முன்பக்கத்து மனிதர்

லேபிளும் பெட்டியும் விற்கிற இனம் ஒன்று நம்மிடையே நடமாடுகிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெரிய கடைகளில், கையில் கூடையோடு, கூடையில் ஒன்றுமில்லாமல், ஒரே அலமாரி முன்னால் அரைமணி நேரம் நின்று, ஷாம்பு பாட்டிலை எடுத்து, விளக்குக்கு எதிரே சாய்த்து, லேபிளின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் கீறி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து, ‘சே’ என்று சொல்லித் திரும்ப வைத்துவிட்டு அடுத்த பாட்டிலை எடுக்கும் ஓர் ஆசாமி. திருடன் என்று நினைத்திருப்பீர்கள். கடைக் காவலாளியும் அப்படித்தான் நினைப்பார். திருடனுக்கு உள்ளே இருக்கும் பொருள் வேண்டும். இவருக்கு அது வேண்டவே வேண்டாம்.

இந்த இனத்தில் ஒன்றை நான் வீட்டிலேயே வைத்துப் பார்த்திருக்கிறேன். அப்பா.

பெட்டிக்குள் இருக்கும் பண்டம் அவருக்கு ஓர் இடைஞ்சல். எனக்கும் தங்கைக்கும் பிறந்தநாள் பரிசு வந்தால் நாங்கள் அதைத் தொடக்கூடாது. அவர்தான் பிரிப்பார். ஒட்டுநாடாவை நெம்பி, காகிதம் கிழியாமல் உரித்து, பெட்டியின் அடி மடிப்பைத் திறந்து, முழுவதையும் மேஜை மேல் தட்டையாக விரித்து, பசை எந்த ஓரத்தில், வெட்டு எங்கே பிசகியது, யார் அச்சடித்தது என்று பிணப் பரிசோதனை நடக்கும். “இத்தனூண்டு பொம்மைக்கு எவ்வளவு கனத்துல அட்டை போட்டிருக்கான் பாரு, வீணாப்போனவன்” என்பார். பொம்மை எங்கே? நாற்காலிக்கு அடியில் கிடக்கும். அது பேசுகிற பொம்மை என்பது எங்களுக்கு மறுநாள்தான் தெரியவரும்.

வாடிக்கையாளர் முன்னால் இவர்களைப் பார்க்க வேண்டும். வீட்டிலேயே சோப்புக் காய்ச்சி விற்கும் ஓர் அம்மாள் மாதிரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு முகம் வாடி நிற்கிறார்.

“சார், சோப்பை விடப் பெட்டி அதிகமா வருதே?”

“சோப்பு கரைஞ்சுடும்மா. பெட்டி நிக்கும்.”

“கரையறதுக்குத்தானே சார் சோப்பு?”

“கரையணும்னா மொதல்ல ஒருத்தர் வாங்கணும். வாங்க வெக்கிறது எது?”

அந்த அம்மாள் யோசிக்கிறார். யோசிக்க விடலாமா? அப்பாவின் பையிலிருந்து மாதிரிப் புத்தகம் வெளியே வரும். வழவழப்பான தாள், மங்கலான தாள், தங்கத் தாள், எழுத்து மேடாக எழும்பியது, நடுவில் ஜன்னல் வெட்டியது என்று பக்கம் பக்கமாகப் புரளும். அந்த அம்மாள் ஒரு பக்கத்தை விரலால் தடவுகிறார். முடிந்தது. தடவியவர் தப்பியதில்லை.

இவர்களுக்கென்று ஒரு தந்திரம் உண்டு. முதலில் காட்டும் மாதிரியில் கடைப் பெயரை வேண்டுமென்றே சின்னதாக அடித்துக்கொண்டு போவார்கள். ஏன்? உலகத்தில் எந்த முதலாளியும் பார்த்தவுடன் சொல்வது ஒன்றுதான்: “பேரை இன்னும் கொஞ்சம் பெரிசாப் போடுங்க.” சொல்லிவிட்டால் அவருக்குத் திருப்தி, பெட்டியையே தான் வடிவமைத்த மாதிரி. “அவங்களுக்கும் ஏதாவது வேலை குடுக்கணும்ல” என்பார் அப்பா.

இவர்கள் அகராதியில் ‘முடியாது’ கிடையாது. அதற்குப் பதில் படிகள் உண்டு. “பண்ணிடலாம்” என்றால் முடியும். “பண்ணிடலாம் சார்” என்றால் கஷ்டம். “பாத்துப் பண்ணலாம் சார்” என்றால் பிரம்மாவே வந்தாலும் நடக்காது, நீங்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் காபியைக் குடித்துவிட்டுப் போங்கள்.

இது கடையோடு நின்றால் பரவாயில்லை. நிற்குமா? எந்தச் சேதியையும் பொட்டலம் கட்டாமல், அதாவது வெறும் வார்த்தையாக, வீட்டுக்குள் கொண்டுவர இவர்களுக்கு வராது. நான் கணக்கில் தோற்ற வருஷம் அப்பா வாசலிலிருந்தே அறிவித்தார்: “மொழிப் பாடம் ரெண்டுலயும் பிரமாதம்!” அவருக்கு முதலில் பார்த்த அச்சக வேலை போன அன்று, “இனிமே கொஞ்ச நாள் மதியம் வீட்டுச் சாப்பாடு.” ஸ்கூட்டரோடு லாரியில் மோதியவர் வீட்டுக்குப் போன் செய்து சொன்னது: “வண்டிக்குப் புது ஹெட்லைட் போடலாம்னு இருக்கேன்.”

போன வருஷம் அவர் வயிற்றுவலி என்று மருத்துவரிடம் போனார். துணைக்கு நான் போனேன். டாக்டர் இளைஞர். ஸ்கேன் படத்தை உறையிலிருந்து உருவி விளக்குப் பலகையில் மாட்டினார். அப்பா படத்தைப் பார்க்கவில்லை. உறையை எடுத்துத் தடவிப் பார்த்தார்.

“நல்ல அட்டை, டாக்டர். பசைதான் கம்மி. யாரு சப்ளை பண்றாங்க?”

டாக்டர் இந்தக் கேள்விக்குப் படித்திருக்கவில்லை. “ஆபீஸ்ல கேக்கணும் சார்” என்றார்.

“கேட்டுச் சொல்லுங்க. நம்ம கார்டு ஒண்ணு தர்றேன். அப்புறம், இந்த ஆப்பரேஷன்… பண்ணிடலாமா?”

டாக்டர் மேஜையைப் பார்த்தார்.

“பாத்துப் பண்ணலாம் சார்.”

கார்டை எடுக்கப் போன கை சட்டைப்பையிலேயே நின்றது. அந்த வாக்கியத்தை வாழ்நாள் முழுக்க விற்றவர் அவர். அதன் அர்த்தத்தை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நான் டாக்டரிடம் நேராகக் கேட்டேன். எனக்குத் தொழில் ஆலைகளில் வால்வுகளை அழுத்தம் ஏற்றிச் சோதிப்பது. எங்கள் அறிக்கையில் இரண்டே முடிவு: தாங்கும், தாங்காது. டாக்டர் என் மொழியிலேயே பதில் சொன்னார். தாங்காது. வருஷக் கடைசி வரை போனால் அதிகம்.

ஒரு சிக்கல் இருந்தது. அம்மாவுக்கு அடுத்த வாரம் விமானம். தங்கை வெளிநாட்டில் இருக்கிறாள். அவளுக்கு முதல் பிரசவம். அம்மா போனால் வருஷம் பிறந்த பிறகுதான் திரும்புவாள். விஷயம் தெரிந்தால் போகமாட்டாள். தெரியாமல் போனால், திரும்பி வரும்போது அப்பா இருக்கமாட்டார்.

மருத்துவமனை வண்டி நிறுத்தத்தில், கார் கதவைச் சாத்தியதும் அப்பா சொன்னார்:

“சரி, பெரியவளே. முன்பக்கம் என்ன போடறோம்?”

“எதுக்குப்பா?”

“அம்மாவுக்குத்தான். ‘வயித்துல சின்னக் கட்டி’. அவ்வளவு போதும்.”

“டாக்டர் சின்னதுன்னு சொல்லலையேப்பா.”

“பெரிசுன்னும் சொல்லலையே?”

“ஆறு சென்டிமீட்டர்னு சொன்னார்.”

“சென்டிமீட்டரெல்லாம் பின்பக்கம் போடு. சட்டப்படி போட்டே ஆகணும், நான் வேண்டாங்கல. ஆனா எழுத்து சட்டம் சொல்ற அளவை விட ஒரு இழை கூடப் பெரிசா இருக்கக்கூடாது.”

“இது பிஸ்கட் டப்பா இல்லப்பா.”

“அதே வேலைதான். மாத்திரையிலேயே கரைஞ்சுடும்னு சொல்லலாமா?”

“கரையாதுப்பா.”

“சொல்லலாமான்னுதான் கேட்டேன்.”

நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். அவரும் சிரித்தார். பக்கத்து வண்டியில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் எங்களுக்கு ஏதோ நல்ல சேதி என்று நினைத்து எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். அப்பா அவர்களுக்குக் கையசைத்தார்.

சிரிப்பு அடங்கியதும் சொன்னார்: “சின்னவ தனியா இருக்காடா. அம்மா போகட்டும்.”

நான் ஒப்புதல் தரவில்லை. வண்டியை எடுத்தேன்.

வீட்டில் அம்மா பயணப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். கட்டிலெல்லாம் குழந்தைத் துணி. அப்பா செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டார். அந்த டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரர், அந்த மருத்துவமனையின் தரை எப்படிப் பளபளக்கிறது, லிஃப்ட்டில் என்ன மாதிரி பாட்டு, இந்தக் காலத்தில் மருத்துவம் எங்கேயோ போய்விட்டது, எல்லாம் சொல்லி, நடுவில், மெத்தென்ற ஒரு மடிப்புக்குள், அந்தச் ‘சின்னக் கட்டி’யை வைத்தார். மேலே இரண்டு வரி: மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், நீ நிம்மதியாய்ப் போய்விட்டு வா. குறை சொல்ல முடியாத வேலை. ஓர் ஓரம்கூடத் தூக்கவில்லை.

ஆனால் அவர் யாரிடம் விற்கிறார் என்பதை மறந்துவிட்டார். அம்மா எந்தப் பொட்டலத்தை வாங்கினாலும் முதலில் கவிழ்த்துப் பின்பக்கத்தைத்தான் படிப்பாள். முன்பக்கம் கடைக்காரன் எழுதுவது, பின்பக்கம் சட்டம் அவனை எழுத வைப்பது என்று கல்யாணமான புதிதில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் வேறு யார்? ஹெட்லைட் சேதி வந்த அன்றும் போனில் அவள் கேட்டது, “எந்தக் கால்?”

அம்மா ஒரு சட்டையை மடித்து வைத்தாள். அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“பெரியவளே, பின்பக்கத்தைப் படி.”

“என்னம்மா பின்பக்கம், அவ்வளவுதான்…” என்று அப்பா குறுக்கிட்டார்.

“உங்களைக் கேக்கல.”

படித்தேன். ஆறு சென்டிமீட்டர். ஈரலுக்கும் போயிருக்கிறது. அறுவை செய்ய முடியாது. வருஷக் கடைசி.

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் குழந்தைத் தொப்பி ஒன்றின் நாடாவை முடிச்சுப் போட்டு, அவிழ்த்து, முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, இத்தனை வருஷத்துல நீங்க கொண்டுவந்த எதையாவது நான் திறந்து பாக்காம உள்ள வெச்சிருக்கேனா?”

“சின்னவளுக்குப் பிரசவம்…”

“அவளுக்கு டாக்டர் இருக்காங்க. நர்ஸ் இருக்காங்க. மாமியார் இருக்காங்க, வாயோட. உங்களுக்கு யாரு இருக்கா?”

“பெரியவ இருக்காளே.”

“இவளா? ஒரு டம்ளர் தண்ணி குடுக்கணும்னாக்கூட அழுத்தம் பாத்துட்டுத்தான் குடுப்பா.”

அப்பா வாயைத் திறந்தார். அடுத்த பெட்டி தயாராகிறது என்று எனக்குத் தெரிந்தது. என்ன நிறம், என்ன தாள் என்று யோசிக்கிற முகம் அது. ஆனால் வந்தது இவ்வளவுதான்:

“பயமா இருக்கு.”

சுற்றிலும் ஒரு காகிதம் கிடையாது. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சரக்கு வந்து நான் பார்த்ததே இல்லை.

“தெரியும்” என்றாள் அம்மா. “நகருங்க. பெட்டியத் தூக்கித் திரும்பப் பரண் மேல வெக்கணும்.”

அவர் நகரவில்லை. பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். டாக்டர் கனம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

அவர் இருந்த வரை அம்மா இருந்தாள். தங்கையின் குழந்தையைப் போன் திரையில் பார்த்தார். பெண் குழந்தை. முகத்தைப் பார்த்தார், சுற்றியிருந்த போர்வையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதிலிருந்துதான் உடம்பு எவ்வளவு மோசம் என்பது எனக்கு உறைத்தது.

பிறகு ஆட்கள் வந்தார்கள். ‘கஷ்டப்படாமப் போயிட்டார்’ என்றார்கள். கஷ்டப்பட்டார். ‘நல்லா வாழ்ந்த மனுஷன்’ என்றார்கள், அவரிடம் பெட்டி வாங்கி இன்னும் பாக்கி வைத்திருப்பவர்கள். ஒவ்வொருவரும் ஓர் ஆறுதலை மூலை மடங்காமல் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். “எப்படிம்மா இருக்கே?” என்று என்னையும் கேட்டார்கள். “பரவாயில்லை” என்றேன். அப்பா இருந்திருந்தால் அந்தப் ‘பரவாயில்லை’யைத் தடவிப் பார்த்து, யார் அடிச்சுக் குடுத்தது, நல்லா வந்திருக்கே என்று கேட்டிருப்பார்.

நல்லவேளை, நீங்கள் இந்த இனம் இல்லை. லேபிள் விற்றதில்லை, ஷாம்பு பாட்டிலை மோந்ததில்லை, உங்கள் கூடையில் எப்போதும் சாமான் இருக்கும். அப்படியா? நேற்று தெருவில் ஒருவர் நிறுத்தி எப்படி இருக்கீங்க என்று கேட்டாரே, என்ன சொன்னீர்கள்? ‘நல்லா இருக்கேன்’ என்றீர்கள். அழகாக இருந்தது. அவரும் அவசரத்தில் இருந்தார், கவிழ்த்துப் பார்க்கவில்லை. தப்பித்தீர்கள். ஆனால் வீட்டுக்குள் நுழையும்போது கொஞ்சம் ஜாக்கிரதை. அங்கே ஒருத்தர் துணி மடித்துக்கொண்டிருக்கலாம்.