டைவர் மாப்பிள்ளையின் கசெட்

கடல் என்னை ஒன்றும் செய்யவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் முழுக்க முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, மூழ்கிப்போன கப்பல்களுக்குள் புகுந்து புறப்பட்டவன் நான். இருட்டு, துரு, ஆளை அறுக்கும் தகரம், வழியை மறித்து முறைக்கும் மீன் எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றும் என்னைக் கவிழ்க்கவில்லை. என்னைக் கவிழ்த்தது கல்முனைக்குடியில் எங்கள் வீட்டு விறாந்தையில், பட்டப்பகலில், ஒரு ஸ்டூலின் மேல் வைத்திருந்த டேப் ரெக்கோடர்.

எட்டாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடமும் பள்ளிக்கூடத்துக்கு நானும் போதும் என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நான் பார்க்காத வேலை இல்லை. மாவடிப்பள்ளியில் நெல் சூடடித்தேன். அக்கரைப்பற்றில் பேக்கரியில் பாண் போட்டேன். ஒலுவிலில் தோணியில் போனேன். லொறியில் கிளீனராக இருந்து, அதே லொறிக்கு அடியிலேயே ஒரு மழைக்காலம் படுத்தும் எழும்பினேன். எதிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் திருகோணமலைக்குப் போனேன். அங்கே ஒரு பழைய இரும்பு முதலாளி, இரண்டாம் உலக யுத்தகாலத்தில் மூழ்கிய கப்பலொன்றிலிருந்து பித்தளையும் செம்பும் கழற்றிக்கொண்டிருந்தார். படகில் கயிறு பிடிக்கத்தான் சேர்ந்தேன். நாலாம் நாள், கீழே இறங்குகிற ஆளுக்குக் காய்ச்சல். முதலாளி என்னைப் பார்த்தார்.

"நீந்துவியா?"

"மீனுக்கே நான்தான் பழக்கின."

பத்து நிமிஷத்தில் பாடம் முடிந்தது. முதுகில் சிலிண்டர், வாயில் குழாய், முகத்தில் கண்ணாடி, இடுப்பில் ஈயக்கட்டி. குதித்தேன். கீழே போய் ஒரு மறையாணியில் சாவியை மாட்டித் திருகுவதற்குள் நெஞ்சு வெடிக்கும் போலிருந்தது. மேலே வந்து படகைப் பிடித்துக்கொண்டு நாய் மாதிரி மூச்சு வாங்கினேன். முதலாளி சிலிண்டரின் முள்ளைப் பார்த்தார். கொஞ்சமும் இறங்கவில்லை.

"ஏண்டா, காத்து முதுகுல கிடக்க, நீ மூச்சப் புடிச்சிக்கிட்டா இருந்த?"

என்ன செய்வது? சின்ன வயதிலிருந்து மூச்சுப் பிடித்தே தண்ணீருக்குள் போய்ப் பழகியவன். உள்ளே போய் மூச்சு விடுவது ஏதோ மரியாதைக் குறைவாகப் பட்டது.

ஆனால் பிடித்துக்கொண்டேன். ஒரு மாதத்தில் அந்தக் கப்பல் எனக்கு வீடு மாதிரி ஆகிவிட்டது. பக்கவாட்டில் சரிந்து கிடந்ததால் கதவுகள் தரையில் இருந்தன. ஏணிகள் படுத்துக் கிடந்தன. ஆறாம் மாதமே முதலாளிக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக வளைகுடாப் பக்கம் ஒரு துறைமுகத்துக்குப் போனேன். அங்கேயும் அதே தொழில்தான். வழியை அடைத்துக்கொண்டு கிடந்த கப்பல்களைத் துண்டு துண்டாக எடுக்க வேண்டும். ஒன்றின் வயிற்றில் சீமெந்து மூட்டைகள். சாக்கு உக்கிப்போய், சீமெந்து மூட்டை வடிவத்திலேயே கல்லாகி, அடுக்கு குலையாமல் இருந்தது. குசினியில் ஒரு கேத்தல் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. தேத்தண்ணி போட்டவர் என்ன ஆனார் என்று யோசிக்காமல் வேலையைப் பார்ப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் கெட்டித்தனம். எனக்கு அது இயல்பாகவே வந்தது. யோசிக்கிற பழக்கம் இல்லை.

இந்த நேரத்தில் ஊரில் உம்மா எனக்குப் பெண் பார்த்தார். நிந்தவூரில் பெரிய வயற்காரரான ஆதம்பாவா போடியாரின் மகள் நஸீமா. பெயரைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏனென்றால் அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். ஒரு தடவை அக்கரைப்பற்று பஸ்ஸில், நின்றபடியே தூங்கி, முன்னால் இருந்த ஆசனத்தில் நான் சரிந்து விழுந்தபோது, அதில் தாயோடு இருந்த நஸீமா திரும்பி, அண்ணனிடம் பேசும் மரியாதையோடு சொன்னாள்: "காக்கா, புடிக்கிறதுக்குக் கம்பி வெச்சிரிக்காங்க. சாயுறதுக்கு ஆள் வெக்கல்ல." பஸ் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து வேறு பெண் என்ற பேச்சே என் மனதில் இல்லை.

தரகர் போடியாரிடம் சொன்னது ஒரே வரி: "மாப்புள வெளிநாட்டுல டைவர்."

எங்கள் பக்கத்தில் லொறி ஓட்டுகிறவரும் டைவர்தான். போடியார் மகிழ்ந்துபோய், "என்ன வாகனம்? ட்ரக்டர் எண்டா நல்லம், வயலுக்கும் உதவும்" என்றிருக்கிறார். பொய் சொல்லத் தெரியாத உம்மா, "வாகனமில்ல போடியார், கப்பல்" என்றிருக்கிறார்.

"கப்பல் ஓட்டுறாரா!"

"ஓட்டுறல்ல. முழுகிப்போன கப்பல். மகன் அதுக்குள்ள முழுகுற."

போடியாருக்கு வயல் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரில் நம்பிக்கை கிடையாது. எழுந்து சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாராம்: "மௌத்தாகினவங்க கிடக்கிற கப்பலுக்குள்ள முழுகுற ஆளுக்கு என்ட புள்ளயக் குடுத்து, அவள விதவையாக்கி இத்தாவுல குந்த வெக்க ஏலா. முழுகுறத விடட்டும். விட்டா அடுத்த கிழமையே கலியாணம்."

இதை உம்மா கடிதத்தில் எழுதுவித்து அனுப்பியிருந்தார். கடிதம் வந்தபோது நான் காதைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தேன். தடிமனோடு ஆழத்துக்கு இறங்கியதில் வலது காதின் சவ்வு கிழிந்துவிட்டது. எழுந்தால் உலகம் சுற்றியது. இனி இறங்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். (போடியாரின் நிபந்தனையை என் காது எனக்கு முன்பே நிறைவேற்றிவிட்டது. ஆனால் அதை என் தியாகமாகக் காட்ட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.)

அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து கடிதம் எழுதுவதைவிடக் கசெட்டில் பேசி அனுப்புவதுதான் மவுசு. நானும் பேசினேன். மூன்று தடவை அழித்து அழித்துப் பேசினேன். ஒரே கவலை, போடியாருக்குத் தெளிவாக விளங்க வேண்டும். "டைவ் பண்ணுறத விட்டிட்டன்" என்றால் மனுஷர் லொறி போய்விட்டது என்று நினைப்பார். ஆகவே சுத்தத் தமிழில் சொன்னேன். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, நான் பேசியதை நானே மெச்சிக்கொண்டேன்.

ஊருக்குப் புறப்பட்ட சாய்ந்தமருது ஆள் ஒருவரிடம் கசெட்டைக் கொடுத்துவிட்டேன். அவர் கொழும்பில் சொந்தக்காரர் வீடுகளெல்லாம் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, கம்பனி என்னையும் அனுப்பிவிட்டது. நான் வீடு வந்து சேர்ந்த மறுநாள் கசெட் வந்தது. அதற்கு அடுத்த நாள் போடியாரும் அவர் மனைவியான மாமியும் வந்தார்கள்.

போடியார் நேராக விஷயத்துக்கு வந்தார். "தம்பி, விட்டாச்சா?"

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் அப்படிப்பட்டவனா? "எல்லாம் வெவரமாப் பேசி வெச்சிரிக்கன் மாமா. ராத்தா, அந்தக் கசெட்டப் போடு."

"இனி எதுக்குடா? ஆள்தான் வந்திட்டியே" என்றார் உம்மா.

"போடட்டும் உம்மா. இவங்களும் கேக்கட்டும்."

என் மூத்த சகோதரியான ராத்தா பொத்தானை அமுக்கினாள். என் குரல் விறாந்தையெங்கும் கம்பீரமாக எழுந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா, போடியார் மாமா, மாமி எல்லாருக்கும் ஒரு சந்தோசமான செய்தி. நான் இப்ப ரெண்டு மாசமா முழுகாம இரிக்கன்."

ராத்தாவின் கை பாக்குவெட்டியோடு அப்படியே நின்றது. பக்கத்து வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் அம்மிச் சத்தம் நின்றது. நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

"நிச்சயமாத் தெரியிற மட்டும் ஆருக்கிட்டயும் சொல்லல்ல. விடிய எழும்பினா தலச்சுத்து, ஓங்காளிச்சிச் சத்தி வருது. பாரம் ஒண்டும் தூக்க வேணாமாம். ஒரு பக்கமாச் சரிஞ்சு படுக்கட்டாம். உம்மா, நான் வந்த உடன நல்ல புளியாணம் காச்சித் தாங்க. வாய் புளிக்கு ஏங்குது."

இப்படிப் பேசுகிறவனுக்கு அந்தச் சொல் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். எங்கள் ஊரில் எந்தப் பெண்ணைப் பற்றியும் முழுகாமல் இருக்கிறாள் என்று சொன்னால் பிள்ளைத்தாய்ச்சி என்று அர்த்தம், அது குழந்தைக்கும் தெரியும். ஆனால் ஒரு வருஷமாக எனக்கு முழுகுவது என்றால் சிலிண்டரும் ஈயக்கட்டியும்தான். ஓர் ஆண் பிள்ளை, கப்பல் உடைக்கிறவன், தன் வாயால் சொல்லும்போது அதற்கு வேறு அர்த்தம் இருக்கலாம் என்று என் மூளையில் உதிக்கவேயில்லை.

மாமி முக்காட்டை இழுத்து வாயை மறைத்துக்கொண்டார். குரல் மட்டும் நிதானமாக வந்தது. "இப்ப எத்தின மாசம் மகன்?"

"கசெட்டுல பேசக்குள்ள ரெண்டு மாமி. இப்ப மூணு முடிஞ்சி."

போடியாருக்கு அந்த அர்த்தமும் எட்டவில்லை. அவர் ஐவேளையும் தொழுகிற மனிதர். எங்கள் ஊரில், அது இல்லாமல் தொழக் கூடாத கடமையான குளிப்புக்கும் முழுக்கு என்றுதான் பெயர். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "மூணு மாசமா முழுகல்லயா? அப்ப தொழுகிறல்லயா தம்பி?" என்றார்.

எனக்குக் கேட்பது ஒரு காதில்தான். தொழில் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சத்தியமா மாமா, இனி உசிரும் ஹயாத்தும் உள்ள மட்டும் முழுகமாட்டன்" என்றேன்.

ராத்தா பாக்குவெட்டியைப் போட்டுவிட்டுக் குசினிக்குள் ஓடினாள். உள்ளே சட்டி ஒன்று விழுந்தது. உம்மா, "நிப்பாட்டு, அத நிப்பாட்டு!" என்று தானே பாய்ந்து ஏதோ பொத்தான்களை அமுக்கினார். கசெட் கிர்ரென்று பின்னால் ஓடி மறுபடியும் ஆரம்பித்தது. "...ஒரு சந்தோசமான செய்தி. நான் இப்ப ரெண்டு மாசமா..." வேலிக்கு அந்தப் பக்கம் நாலைந்து பெண்கள் ஒன்றாகச் சிரிக்கும் சத்தம் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எத்தனையோ பாகம் ஆழத்தில் வெளிச்சம் அணைந்தபோதும் வராத வியர்வை அன்று வந்தது.

மாமி போடியாரின் காதில் ஏதோ சொன்னார். போடியார் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. எழுந்தார். "நாங்க யோசிச்சுச் சொல்லுறம்." சால்வையை உதறினார். அந்த உதறலின் அர்த்தம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். போகும்போது மாமி மட்டும் ஸ்டூலில் இருந்த கசெட்டை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். சாட்சிக்குத்தான் என்று நினைத்தேன்.

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் போனால், பள்ளியில் ஆட்கள் எனக்கு உட்கார இடம் விட்டுக் கொடுத்தார்கள். தேத்தண்ணிக் கடையில் ஒருவர், "இந்த நேரத்துல வெறும் பிளேன்ரி கூடாது, பால் குடிங்க" என்றார். மறுநாள் விடிய வாசற்படியில் யாரோ ஆறு மாங்காய் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சிரிப்பைத் தாங்கலாம். நஸீமா கைவிட்டுப் போனதைத்தான் தாங்க முடியவில்லை. வெளிநாட்டுக் கம்பனிக்கே திரும்பிப் போய்க் காவல் வேலையாவது கேட்போமா என்று பெட்டியைக் கட்டத் தொடங்கினேன்.

மூன்றாம் நாள் தரகர் வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"போடியார் ஏலா எண்டுதான் நிண்டாரு. ஊர் சிரிக்குமாம். ஆனா மாமி கசெட்டக் கொண்டுபோய் மகளுக்குப் போட்டுக் காட்டிரிக்கா. புள்ள நாலு தரம் கேட்டிச்சாம்."

"மறுகா?"

"மறுகா வாப்பாக்கிட்டச் சொல்லிட்டாவாம், இந்த நெலமையில அந்த மனிசனத் தனிய உட ஏலாதாம்."

அடுத்த வெள்ளிக்கிழமையே நிக்காஹ் நடந்தது. எங்கள் வழக்கப்படி நான் நிந்தவூரில் பெண் வீட்டுக்குக் குடிபோனேன். மாமாவின் வயலைப் பார்த்தேன். ஒரே இடத்தில் ஆறு மாதத்தைத் தாண்டி நான் நிலைத்து நின்ற முதல் வேலை அதுதான்.

கலியாணம் முடிந்து ஒரு வருஷம் இருக்கும். நான் வயலுக்கு வெளிக்கிடும்போது நஸீமா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நில்லுங்க. உங்களுக்கிட்ட ஒரு கத இரிக்கி."

"சொல்லு."

"உங்கட வருத்தம் எனக்கும் தொத்திட்டு."

எனக்குத் தெரிந்த என் ஒரே நோய் காதுதான். "எந்தக் காது?" என்று பதறினேன். அவள் சிரித்த சிரிப்பில் மாமி அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் பிள்ளைத்தாய்ச்சி என்று யாரும் சொல்வதில்லை. "அவளுக்குக் காதுல வருத்தம்" என்றுதான் சொல்வார்கள். மூத்த மகள்மார் இருவருக்கும் அப்படித்தான் சொன்னார்கள். போன மாதம், கடைசி மகளுக்குப் புதிதாக வந்த மருமகன், ஒன்றும் அறியாத அப்பாவி, சாப்பாட்டுக்கு இருக்கும்போது காதைத் தடவிக்கொண்டு, "ரெண்டு நாளா இந்தக் காதுல ஒரே வருத்தம்" என்றார். ஒரே சஹன் தட்டைச் சுற்றி இருந்தவர்கள் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. மூத்த மகள் மட்டும் அவர் பக்கமாகக் கறிக்கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்:

"தம்பி, உங்கட உம்மாக்குச் சொல்லிட்டீங்களா?"