ஒரு பை மல்லாட்டையும் அரை மணி நேர ஜெபமும்

போன சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பதினொரு மணிக்கு உக்காந்து அரை மணி நேரம் ஜெபம் பண்ணணும். அவ்ளோதான்.

யாருக்காகன்னா, செல்விக்காக. வேங்கிக்கால் ஆபீஸ்ல எனக்குப் பக்கத்து சீட்டு. கீழ்பென்னாத்தூர்ல இருந்து தினம் பஸ்ல வர்றவ. அவ அம்மாவுக்குப் பித்தப்பையில கல்லு. சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஆபரேஷன்.

"அக்கா, கரெக்டா அந்த நேரத்துக்கு உங்க சாமிகிட்ட சொல்லுங்கக்கா. எனக்கு இப்பவே பயமா இருக்கு"ன்னா.

"கவலைப்படாத. ஜெபிச்சுக்கிறேன்"னு சொன்னேன்.

இந்த "ஜெபிச்சுக்கிறேன்" பத்தி ஒரு உண்மையைச் சொல்லிடுறேன். பொறந்ததுல இருந்து சபைக்குப் போறவ நான். நகை கிடையாது, பொட்டு கிடையாது. அதனால இவ சொன்னா மேல உடனே கேக்கும்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் ஒரு நெனப்பு. புள்ளைக்குப் பரீட்சையா, மாமியாருக்குக் காய்ச்சலா, நேரா என் சீட்டுக்கு வந்துடுவாங்க. நானும் வணக்கம் சொல்ற மாதிரி "ஜெபிச்சுக்கிறேன்"னு சொல்லிடுவேன். பஸ் ஏறினதும் மறந்துடுவேன்.

போன மாசம் செல்வி வீட்டு நிலத்துல போர் போட்டாங்க. முன்ன போட்டதுல வெறும் புழுதிதான் வந்துச்சாம். "ஜெபிச்சுக்கிறேன்"னேன். சுத்தமா மறந்துட்டேன். ஆனா தண்ணி வந்துடுச்சு!

மறுநாள் செல்வி ஒரு பை மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, கொண்டாந்து என் மேஜை மேல வெச்சா. "எல்லாம் உங்க ஜெபம்தாங்கக்கா."

நான் என்ன பண்ணியிருக்கணும்? உண்மையைச் சொல்லியிருக்கணும். என்ன பண்ணேன்? "எல்லாம் ஆண்டவர் செயல்"னு அடக்கமா தலையை ஆட்டி, பையை வாங்கிக்கிட்டேன். வேக வெச்சு ஒரு வாரம் தின்னோம். ஒவ்வொண்ணும் தொண்டையில நின்னு நின்னு எறங்குச்சு.

அதனால இந்த வாட்டி நிஜமாவே ஜெபம் பண்ணிடணும்னு முடிவு பண்ணேன். சாயங்காலம் சபையில ஜெபக் கூட்டம் வேற. காலையிலயே குளிச்சு, கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையைக் கட்டிக்கிட்டு, பதினொரு மணிக்குக் கண்ணை மூடினேன்.

செல்வியோட அம்மாவுக்கு நல்லபடியா ஆகணும். டாக்டர் கை நடுங்கக் கூடாது. செல்விக்குத் தைரியம் குடுங்க. உலக சமாதானம். ஆமென்.

கண்ணைத் தொறந்து கடிகாரத்தைப் பாத்தேன். பதினொண்ணு மூணு.

இன்னும் இருபத்தேழு நிமிஷத்துக்கு நான் எங்க போறது! சபையில ரெண்டு மணி நேரம் அசால்ட்டா ஜெபம் பண்றவதான் நான். அங்க பாஸ்டர் ஜெபிப்பார், நான் நடுநடுவுல "ஆமென்" போடுவேன். தனியா உக்காந்தப்பதான் தெரியுது, இத்தனை வருஷமா அவர் ஓட்டின வண்டியில நான் பின்சீட்டுலயே வந்திருக்கேன்.

மறுபடி கண்ணை மூடினேன். இட்லி மாவை ஃபிரிட்ஜ்ல வெச்சேனா? திரும்பவும் கண்ணை மூடினேன். குக்கர்ல இது மூணாவது விசிலா, நாலாவதா?

"ஏய், கேஸ் புக்கை எங்க வெச்ச? சிலிண்டர் வண்டி வர்ற நேரம்"னு உள்ள இருந்து என் வீட்டுக்காரர்.

"ஜெபம் பண்றேன் இல்ல!"ன்னு கத்தினேன். ஜெபத்துல அன்னிக்கு ஜாஸ்தி சத்தமா வந்த வார்த்தை அதுதான்.

இது வேலைக்கு ஆகாதுன்னு அடுப்பை அணைச்சுட்டு வெளிய கெளம்பிட்டேன். எங்க வீடு செங்கம் ரோட்டுக்குப் பின்னாடி, ரமணாசிரமம் பக்கம். கொஞ்ச தூரத்துல ஒரு வேப்பமரம், அதைச் சுத்தி சிமெண்ட் மேடை. யாரும் இல்ல. முட்டி வலி இருக்கறதால முழங்கால் போடாம சம்மணம் போட்டு உக்காந்தேன்.

"ஆண்டவரே, எனக்கு ஜெபம் பண்ணத் தெரியல. போன வாட்டி அந்தப் பொண்ணை ஏமாத்திட்டேன். மல்லாட்டையையும் தின்னுட்டேன்"னேன்.

அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியல, கண்ணுல தண்ணி கொட்டுது. நிக்கல. செல்வி, அவ அம்மா, இத்தனை வருஷமா நான் "ஜெபிச்சுக்கிறேன்"னு சொல்லி மறந்த அத்தனை பேரும் வரிசையா ஞாபகத்துக்கு வந்தாங்க. மாவு ஞாபகம் வரல. ரொம்ப நல்லா இருந்துச்சு.

கண்ணைத் தொறந்தேன்.

எதிர்ல அஞ்சு வெள்ளைக்காரங்க! எல்லாரும் சம்மணம் போட்டு, கண்ணை மூடி உக்காந்திருக்காங்க. அதுல ஒரு தாடிக்காரர் அழுதுக்கிட்டு இருக்கார். என் காலடியில ஒரு சீப்பு வாழைப்பழம். பக்கத்துல ஆட்டோக்காரர் ஒருத்தர் செருப்பைக் கழட்டிட்டு நிக்கறார்.

"ஹாரன் அடிக்காத. அம்மா தியானத்துல இருக்காங்க"ன்னு ரோட்டுல போற பைக்கை அதட்டுறார்.

அப்பதான் எனக்கு உறைச்சுது. வெள்ளைப் புடவை, பொட்டில்லாத நெத்தி, மூடின கண்ணு, கண்ணீர், மரத்தடி. வேற ஊரா இருந்தா உடம்பு சரியில்லையான்னு கேட்டு சோடா குடுத்திருப்பாங்க. திருவண்ணாமலையில, அதுவும் எங்க தெருவுல, இது போதும்.

எழுந்து ஓடிடலாம்னு பாத்தேன். கால் மரத்துப் போச்சு. பாதி எழுந்து, ஒரு கையை முன்னாடி நீட்டி, அப்படியே திரும்ப உக்காந்துட்டேன். ஆசீர்வாதம்னு நெனச்சு அஞ்சு பேரும் குனிஞ்சு கும்பிட்டாங்க!

"எந்த ஆசிரமம்மா நீங்க?" ஆட்டோக்காரர் மெதுவா கேட்டார்.

"வேங்கிக்கால்ல கவர்மெண்ட் ஆபீஸ்ங்க."

"இன்னாம்மா சொல்றீங்க?"

"கிளார்க்குங்க. கிறிஸ்டியன். ஃபிரெண்டோட அம்மாவுக்கு ஆபரேஷன், ஜெபம் பண்ண வந்தேன்."

அவர் அதை இங்கிலீஷ்ல சொன்னார். தாடிக்காரர் கண்ணைத் தொடச்சுக்கிட்டு என்னமோ கேட்டார். "எப்படி ஜெபம் பண்றதுன்னு அவங்களுக்குச் சொல்லித் தரணுமாம்மா"ன்னார் ஆட்டோக்காரர்.

நானா! மூணு நிமிஷத்துல உலக சமாதானம் வரைக்கும் முடிச்சவளா!

"ஐயோ, எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லுங்க."

அவரும் மாத்தாம அப்படியே சொல்லிட்டார். அஞ்சு பேர் முகமும் மலர்ந்து போச்சு. ஒரு அம்மா நெஞ்சுல கை வெச்சுக்கிட்டாங்க. இந்த ஊர்ல எதை வேணா சொல்லலாம், "எனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு மட்டும் சொல்லவே கூடாது.

அந்த நேரம் பாத்து என் வீட்டுக்காரர் வண்டியில வந்து நின்னார். என்னைப் பாத்தார், சிஷ்யர்களைப் பாத்தார், வாழைப்பழத்தைப் பாத்தார்.

"கேஸ் புக் எங்கடி?"

"பீரோ மேலங்க."

அப்பதான் போன் அடிச்சுது. செல்வி!

"அக்கா, முன்னாடி போன ஆபரேஷன் இழுத்துடுச்சு. அம்மாவை இப்பதான் உள்ள கூட்டிட்டுப் போறாங்க. இன்னொரு அரை மணி நேரம் சொல்றீங்களா?" குரல் ஒடஞ்சு போயிருந்துச்சு.

மனசு கேக்கல. "செல்வி, ஒண்ணு சொல்லணும். போர் போட்டப்ப நான் ஜெபமே பண்ணலடி. மறந்துட்டேன்."



"தெரியும்க்கா."

"எப்படி?"

"தண்ணி வந்துடுச்சுன்னு ஓடியாந்து சொன்னப்ப, 'எங்க?'ன்னு கேட்டீங்களே."

"அப்ப எதுக்குடி மல்லாட்டை குடுத்த?"

"அடுத்த வாட்டியாவது மறக்காம இருப்பீங்கன்னுதான்க்கா."

நான் "அம்மா பேர் என்ன?"ன்னு கேட்டேன். ஏழு வருஷமா பக்கத்து சீட்டு, அது கூடத் தெரியாம இருந்திருக்கேன்.

"பச்சையம்மா."

திரும்ப உக்காந்தேன். சிஷ்யர்களும் உக்காந்தாங்க. ஆட்டோக்காரர் வண்டியை ஆஃப் பண்ணிட்டு உக்காந்தார். என் வீட்டுக்காரர் கூட, என்ன நெனச்சாரோ, மேடை ஓரமா உக்காந்துட்டார். "ஆண்டவரே, பச்சையம்மா"ன்னு ஆரம்பிச்சேன். இந்த வாட்டி கடிகாரத்தைப் பாக்கவே இல்ல. செல்வி திரும்பக் கூப்பிட்டு "முடிஞ்சுதுக்கா, அம்மா கண்ணு முழிச்சுட்டாங்க"ன்னு சொன்னப்பதான் எழுந்தேன். வாழைப்பழத்தை எல்லாரும் பங்கு போட்டுத் தின்னோம். வீட்டுக்குப் போனா சிலிண்டர் வண்டி வந்துட்டுப் போயிருந்துச்சு.

அடுத்த வாரம் என் மேஜை மேல ஒரு பை மல்லாட்டை. தொண்டையில எதுவும் நிக்கல.

தின்னுக்கிட்டு இருக்கும்போதே டெஸ்பாட்ச் செக்ஷன் அண்ணன் வந்தார். "தங்கச்சி, மச்சானுக்கு இண்டர்வியூ இருக்கு. கொஞ்சம் ஜெபம் பண்ணிக்கோம்மா."

பழக்க தோஷம், "ஜெபிச்சு"ன்னு பாதி வந்துடுச்சு. நாக்கைக் கடிச்சுக்கிட்டு, பேனாவை எடுத்தேன்.

"மச்சான் பேர் என்னங்கண்ணா? எத்தனை மணிக்கு?"