நாலு ஸ்க்ரூவும் ஜப்பான் ஆபீசரும்

அன்னைக்கு எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். கார்ல இருக்கிற பழைய ரேடியோவைக் கழட்டணும், வேற ரேடியோவை மாட்டணும். நாலே நாலு ஸ்க்ரூ.

ஜப்பான்காரன் காலம் அது. மலாய் நாட்டுல, செமிலிங் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டத்துல நான் ஸ்டோர் ஆளா இருந்தேன். இடுப்புல சாவிக்கொத்து, வர்றவங்களுக்கு வாளியும் பால்வெட்டுற கத்தியும் எடுத்துக் குடுக்கிற உத்தியோகம். ஸ்க்ரூ டிரைவரும் குடுத்திருக்கேன். அதைப் பிடிச்சுத் திருகினது மட்டும் கிடையாது.

அப்புறம் எப்படி மெக்கானிக் ஆனேன்?

சயாமுக்கு ரயில் ரோடு போட ஆள் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஒரு நாள் காலைப் பிரட்டுல, பேர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கிற நேரத்துல, எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு, "என்ன வேலை தெரியும்?"னு ஒவ்வொருத்தரா கேட்டுக்கிட்டே வந்தாங்க. எனக்கு முன்னாடி நின்னவன், "பால்மரம் வெட்டுவேன்"னான். உண்மையைச் சொன்னான். லாரியில ஏத்திட்டாங்க. அவன் திரும்பி வரவேயில்ல.

என் முறை வந்துச்சு. வாய் அதுபாட்டுக்குச் சொல்லிடுச்சு.

"மெக்கானிக்!"

"பாகுஸ்!"னு முதுகுல தட்டினான் ஜப்பான் ஆபீசர். நல்லதுன்னு அர்த்தம். அவனுக்குத் தெரிஞ்ச மலாய் மொத்தமே நாலு வார்த்தை. அதுல ரெண்டு திட்டுறதுக்கு.

நாங்க வரிசையா குடியிருந்த லயத்துல எல்லாருக்கும் என் லட்சணம் தெரியும். யாரும் காட்டிக் குடுக்கல. ஆனா எதிர்ல வந்தா, "என்ன மெக்கானிக் அய்யா, இஞ்சினெல்லாம் சௌக்கியமா?"னு கேக்காம போறதில்ல.

ரெண்டு வாரம் நிம்மதியா இருந்தேன். அப்புறம் ஆபீசர் கார்ல வந்து இறங்கினான். வெள்ளைக்கார துரை ஓடிப் போகும்போது விட்டுட்டுப் போன கார். அதுல இருந்த ரேடியோ செத்துப் போயிருந்துச்சு. கோத்தா கோலா மூடா பக்கம் வேற ஒரு துரை விட்டுட்டுப் போன ரேடியோவை எடுத்துட்டு வந்து, "மாத்து"ன்னு கையைக் காட்டினான்.

அவனோட டிரைவர் ஹமீது அண்ணனுக்கு ஜப்பான் பேச்சு கொஞ்சம் புரியும். அவர் என் காதுகிட்ட வந்து சொன்னாரு. "தம்பி, ஒழுங்கா செஞ்சிடு லா. இல்லேன்னா நாளைக்கு லாரியில உன்னை ஏத்துறேன்னு வர்ற வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தான்."

எனக்கு வயித்துல அன்னைக்கு இருந்தது ரெண்டு துண்டு மரவள்ளிக்கிழங்கு. அதை நம்பித்தான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில எடுத்தேன்.

கார் ரேடியோன்னா சின்ன சாமான்னு நினைச்சிடாதீங்க. பிஸ்கட் டின் மாதிரி ஒரு இரும்புப் பெட்டி. கால் வைக்கிற இடத்துக்கு மேல இருட்டுக்குள்ள தொங்குது. சீட்டுல தலைகீழா மல்லாந்து படுத்து உள்ள போனேன். என் கால் ரெண்டும் கார் கதவுக்கு வெளியே நீட்டிக்கிட்டு இருந்துச்சு. பார்க்க வந்த கூட்டத்துக்கு அதுவே பாதி சந்தோஷம்.

முதல் ஸ்க்ரூ, திருகினேன், வந்துடுச்சு! "ஆஹா, நமக்கும் கைராசி இருக்கு"ன்னு நினைச்சேன். நினைச்சிருக்கக் கூடாது.

ரெண்டாவது துருப்பிடிச்சது. மூச்சைப் பிடிச்சுத் திருகினேன். ஸ்க்ரூ அசையல, அதோட தலையில இருந்த கோடுதான் அழிஞ்சுச்சு. உளியை வச்சுத் தட்டித் தட்டி எப்படியோ எடுத்தேன். கூடவே என் கட்டைவிரல் தோலும் கொஞ்சம் வந்துச்சு.

மீதி ரெண்டும் பெட்டிக்குப் பின்னாடி. தலை அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கு, கண்ணுக்கே தெரியாது. கையை வளைச்சுப் பின்னால விட்டுத் தடவித் தடவித்தான் திருகணும்.

திருகினேன். அசையல. மண்ணெண்ணெய் ஊத்தினேன், மூக்குல ஒழுகுச்சு. ஸ்டோர்ல ஒளிச்சு வச்சிருந்த தேங்காயெண்ணெயை ஊத்தினேன். சமையலுக்கே இல்லாத எண்ணெய்! கூட்டத்துல ஒரு பொம்பளை, "ஐயோ, அதுல நான் ஒரு மாசம் தாளிச்சிருப்பேனே"ன்னு அழுதே விட்டா.

"லெக்காஸ்! லெக்காஸ்!"னு ஆபீசர் பூட்ஸால காரை உதைச்சான். சீக்கிரமாம்.

நான் முழு பலத்தோட ஒரு திருகு திருகினேன். ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி எங்கேயோ ஒரு ஒயர்ல போய்ச் சொருகிக்கிச்சு.

பாஆஆஆம்!

ஹார்ன்! நிக்கவே இல்ல!

அப்போ ஏரோப்ளேன் சத்தத்துக்கும் சங்குக்கும் ஓடி ஓடிப் பழகின ஜனம். "பாம் போட வந்துட்டான்!"னு எவனோ கத்தினான். அவ்வளவுதான், ஒரு ஆள் மிச்சமில்ல. எல்லாரும் பள்ளத்துல குதிச்சுட்டாங்க. எல்லாருக்கும் முன்னாடி குதிச்சது ஆபீசர். ஆனா அவன் குதிச்சது பதுங்குகுழியில இல்ல, ரப்பர் ஷீட் கழுவின தண்ணி ஓடுற சாக்கடையில. புளிச்ச ரப்பர் பால் நாத்தம் எப்படின்னு தோட்டத்துல இருந்தவங்களைக் கேட்டுப் பாருங்க.

நான் மட்டும் ஓடல. வீரம்னு நினைக்காதீங்க, தலை உள்ள மாட்டிக்கிச்சு.

திடீர்னு ஹார்ன் நின்னுச்சு. கார் மூடியைத் தூக்கி பேட்டரி ஒயரைப் பிடுங்கிக் கையில வச்சுக்கிட்டு நின்னாங்க அங்கம்மா அக்கா. ரப்பர் ஷீட் மேசினை ஓட்டுறவங்க. அது மக்கர் பண்ணினா கழட்டி மாட்டுறதும் அவங்கதான்.

"எந்திரி. நான் பாக்குறேன்"னு என் தலையை வெளியே இழுத்துவிட்டு உள்ள கையை விட்டாங்க. விட்டு ரெண்டு நொடியில என்னைப் பாத்தாங்க.

"தம்பி, இவ்வளவு நேரமா என்ன பண்ணிக்கிட்டு இருந்த?"

"கழட்டிக்கிட்டு இருந்தேன் அக்கா."

"நீ கழட்டல. இறுக்கியிருக்க! அதோட தலை அந்தப் பக்கம் பாக்குதுல்ல? நீ இந்தப் பக்கமிருந்து திருகினா எல்லாம் தலைகீழ்."

ஒரு மணி நேரம்! ஒரு போத்தல் தேங்காயெண்ணெய்!

"நல்ல பலம் உனக்கு"ன்னாங்க. பாராட்டா திட்டான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. பைப்பு திருகுற பெரிய ஸ்பானரால ஸ்க்ரூ தலையைக் கவ்வி, ஒரு காலைக் கார்ல ஊனி, ஒரே இழுப்பு. 'டக்'குன்னு ஒண்ணு. இன்னொரு 'டக்'. பழைய பெட்டி கையோட வந்துடுச்சு. புதுசை அவங்களே மாட்டினாங்க, ஒயர்ல சொருகியிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கிட்டு பேட்டரி ஒயரையும் திரும்பக் குடுத்தாங்க. நான் ஸ்க்ரூ எடுத்துக் குடுத்தேன். எனக்குத் தெரிஞ்ச வேலை அதுதானே!

அப்போதான் ஆபீசர் சாக்கடையிலிருந்து ஏறி வந்தான். தொப்பியிலிருந்து வெள்ளையா ஒழுகுது. எனக்கு ஒரு அறை. ஹமீது அண்ணனுக்கு ஒரு அறை. அவருக்கு எதுக்குன்னு அவருக்கும் தெரியாது, அடிச்சவனுக்கும் தெரியாது.

அப்புறம் மாட்டியிருந்த ரேடியோவைப் பாத்தான். "யார் செஞ்சது?"னு ஹமீது அண்ணன் மூலமா கேட்டான்.

நான் வாயைத் திறந்தேன். அங்கம்மா அக்கா முழங்கையால என் விலாவுல ஒரு இடி இடிச்சு முன்னால தள்ளிவிட்டாங்க.

"மெக்கானிக்தான் துரை. இவருதான்."

ஆபீசர் என்னை மேலயும் கீழயும் பாத்தான். "மெக்கானிக் இங்கேயே இருக்கட்டும்"னு ஹமீது அண்ணன்கிட்ட சொல்லிட்டுக் காருக்குள்ள உக்காந்தான். எனக்கு வந்தது வெக்கமா, உயிர் பிழைச்ச சந்தோஷமா, பிரிச்சுச் சொல்லத் தெரியல.

"எதுக்கு அக்கா என்னைச் சொன்னீங்க?"ன்னு மெதுவா கேட்டேன்.

"என்னைச் சொன்னா நாளைக்கு இவன் ஊர்ல இருக்கிற எல்லாக் காரையும் என் தலையில கட்டுவான். உன்னைச் சொன்னா சயாமுக்கு ஒரு ஆள் குறையும். எது லாபம்?"

ஆபீசர் பட்டனைத் திருகினான். கர்ர்னு ஒரு சத்தம். பள்ளத்துல குதிச்ச கூட்டமெல்லாம் ஏறி வந்து காரைச் சுத்தி நின்னுச்சு. அப்புறம் கணீர்னு மலாய்ல ஒரு குரல். ஜப்பான் எல்லா இடத்துலயும் ஜெயிக்குதாம். நாட்டுல அரிசிக்குப் பஞ்சமே இல்லையாம். மக்களெல்லாம் வயிறார சாப்பிட்டு சந்தோஷமா இருக்காங்களாம்.

மரவள்ளிக்கிழங்கு தின்ன நாங்க எல்லாரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

அங்கம்மா அக்கா கையைத் துடைச்சுக்கிட்டே, தரையில கிடந்த பழைய ரேடியோவைக் காட்டிச் சொன்னாங்க. "இதுவே தேவலை தம்பி. வாயை மூடிக்கிட்டாவது இருந்துச்சு."