முத்துச்சிப்பி கிட்டார்

நாற்பத்தாறாவது வயதில் ராக் ஸ்டார் ஆகிவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்குக் கடவுளின் கிருபை மட்டும் போதாது. வீட்டில் இருக்கும் கிருபையும் மனம் இரங்க வேண்டும். என் மனைவியின் பெயர் அது.

துறைமுகம் பக்கத்தில் பழைய கப்பல் சாமான் விற்கும் சிவனாண்டி அண்ணாச்சி கடையில் அந்த எலெக்ட்ரிக் கிட்டாரைப் பார்த்ததுமே எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. அறுபதுகளில் ஜப்பானில் செய்தது. இரண்டே வருடத்தில் கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிட்டதாம். ஒரு கொம்பு நீளம், ஒரு கொம்பு குட்டை. எட்டு சுவிட்ச். கம்பிகளின் சத்தத்தை அமுக்குவதற்கென்றே தனியாக ஒரு நெம்புகோல். வாத்தியத்தில் சத்தத்தை நிறுத்த ஏற்பாடு செய்தவன் நிச்சயம் கல்யாணமானவன்.

எல்லாவற்றையும் விட, கம்பிகளுக்குக் கீழே கை உரசும் இடத்தில் முத்துச்சிப்பி போல மின்னும் பெரிய தகடு. பிளாஸ்டிக்தான். ஆனாலும் அழகு.

வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், கிருபை வாசலிலேயே மறித்தாள். ஆறு கம்பியோடு வந்தவன் கம்பி நீட்ட வழியில்லாமல் நின்றேன்.

"எட்டு சுவிட்சா? நம்ம மிக்ஸியில மூணுதான். அதுலயே சட்னி அரைச்சிருதேன். இது என்னத்த அரைக்கும்?"

"ஏளா, இது முதலீடு. இந்தத் தகட்டப் பாரு. அசல் முத்துச்சிப்பி. வருசத்துக்கு வருசம் விலை ஏறும்."

முத்துக்குளித்த வம்சத்தில் பிறந்தவளிடம் சொல்லக்கூடிய பொய்யா இது? தகட்டை நகத்தால் சுரண்டினாள். குனிந்து, முத்தைச் சோதிப்பதுபோலப் பல்லில் வைத்து உரசினாள். நிமிர்ந்து சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு, "அசல்தான்" என்றாள். ஒரு வம்சத்தையே ஏமாற்றிய பெருமையில் பூரித்துப்போனேன்.

"எங்க வீட்ல ஒரு வழக்கம் உண்டும். முதச் சிப்பி மாதா கோயிலுக்கு. நம்ம வீட்டுக்கு இதான முதச் சிப்பி?"

அது கடலில் எடுத்த சிப்பிக்குத்தானே என்று வாதாடினேன். இது மட்டும் ஜப்பானிலிருந்து நடந்தா வந்தது, கடல் வழியாகத்தானே வந்தது என்று கேட்டாள். பிளாஸ்டிக் என்று சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் கிட்டார் போகும். மானத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் கிட்டார்மேல் தீர்த்தம் தெளித்தார். பாடகர் குழுவில் வாசிக்கச் சொல்லி, கிருபையின் தம்பி பெவின் கையில் கொடுத்தார். அவன் எட்டு சுவிட்சையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். அழுதுவிடுவேன் போல் இருந்தது.

கிருபை என் காதருகே சாய்ந்தாள்.

"பல்லுல வச்சதுமே பிளாஸ்டிக்குன்னு தெரிஞ்சிட்டு. நீங்களே அத ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இப்ப வீட்ல உக்காந்து வாசிச்சிட்டு இருந்திருப்பிய."