புலிக்கும் மானுக்கும் ஒரே பெட்டி

ஒரு காட்டில், செங்கமலம் என்றொரு தேவாங்கு படிப்பை முடித்துவிட்டுக் கிளையில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. என்ன படிப்பு என்று கேட்டால், "ஒரு பொருளை யார் பயன்படுத்தப்போறாங்களோ, அவங்களையே கேட்டு, அவங்களுக்கு ஏத்த மாதிரி செய்யற படிப்பு" என்று சொல்லும்.

"இதுக்கெல்லாம் ஒரு படிப்பா?" என்பார்கள் உறவுக்காரர்கள்.

"எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு" என்று செங்கமலமும் ஒத்துக்கொள்ளும்.

அந்தக் கோடையில் காட்டிலிருந்த குட்டைகள் ஒவ்வொன்றாக வற்றின. எதில் தண்ணீர் இருக்கிறது என்று தெரியாமல் விலங்குகள் வெயிலில் அலைந்தன. வற்றிய குட்டை வரை நடந்துபோய், திரும்பி வரத் தெம்பில்லாமல் அங்கேயே விழுந்தவையும் உண்டு. சிங்கராஜா மனமிரங்கி, பாதைகள் கூடுகிற இடத்தில் ஒரு தகவல் பெட்டி வைக்கச் சொன்னார். திரையைத் தொட்டுக் கேட்டால் பெட்டி பதில் சொல்ல வேண்டும். காகங்கள் மேலே சுற்றிப் பார்த்து அதற்குச் செய்தி அனுப்பும்.

பொறுப்பு தகவல் துறை அதிகாரி கோதண்டத்திடம் வந்தது. கோதண்டம் ஒரு நரி. கதையில் நரி வந்தால் தந்திரம் செய்ய வேண்டும். இந்த நரிக்குத் தந்திரம் வராது. எனக்குக் கிடைத்த நரி இதுதான். கெட்டிக்கார நரிகளெல்லாம் நல்ல கதைசொல்லிகளிடம் போய்விட்டன.

கோதண்டம் வேலைக்கு எடுத்தது நம் செங்கமலத்தை. பெட்டியின் திட்டத்தை நரி அதனிடம் காட்டியது. முதல் திரையில் ராஜாவின் படம். அடுத்த திரையில் ராஜா பக்கவாட்டில் நிற்கும் படம். அதற்கடுத்து துறையின் சாதனைகள்.

"தண்ணி எங்க இருக்குன்னு எந்தத் திரையில வரும் சார்?"

"அதுக்கு இன்னும் இடம் ஒதுக்கலைம்மா."

செங்கமலம் பேசாமல் சம்பளத்தை வாங்கிக்கொண்டு இருந்திருக்கலாம். படித்துத் தொலைத்துவிட்டதே! "முதல்ல எல்லாரையும் கேட்டுட்டு வரேன் சார்" என்று கிளம்பிவிட்டது.

ஆமை சொன்னது: "நான் காலைத் தூக்கித் திரையில வைக்கறதுக்குள்ள அது 'நேரம் முடிந்தது, மீண்டும் தொடங்கவும்'னு சொல்லிடக் கூடாது கண்ணு." பாம்பு, தனக்குக் கையே இல்லை என்று ஞாபகப்படுத்தியது. யானை, தான் எதைத் தொட்டாலும் உடைந்துவிடுவதாகச் சொல்லிக் கூச்சப்பட்டது. செங்கமலம் எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டது.

மூங்கில் புதரில் வரதராசன் என்ற கிழப்புலி படுத்திருந்தது. கண்ணில் புரை விழுந்து, மூக்கும் அடைத்துப்போன புலி. செங்கமலம் உயரமான கிளையில் இருந்தபடியே கேட்டது: "ஐயா, உங்களுக்கு என்ன தகவல் வேணும்?"

புலியின் கண் கலங்கியது. "உனக்கு என்ன வேணும்னு இத்தனை வருஷத்துல என்னை யாரும் கேட்டதில்லை தாயி. பார்த்ததுமே ஓடிடறாங்க. மான் எந்தப் பக்கம் நிக்குதுன்னு தெரிஞ்சா போதும். தேடி அலைய முட்டி ஒத்துழைக்க மாட்டேங்குது."

பயன்படுத்துகிறவரை எடைபோடக் கூடாது என்பது செங்கமலம் படித்த பாடம். சரி என்று தலையாட்டிவிட்டு நேராக மான்களிடம் போனது. மான்கூட்டத்துக்குத் தலைவி பவளக்கொடி.

"தண்ணி எங்கேன்னு தெரியணும். அதைவிட முக்கியமா, புலி எங்கேன்னு தெரியணும்" என்றது பவளக்கொடி.

இரண்டு பேர் தேவையையும் ஒரே காகத்தின் செய்தியில் முடித்துவிடலாம் என்று செங்கமலத்துக்கு ஒரே சந்தோஷம். இதில் ஏதோ இடிக்கிறதே என்று அதற்குத் தோன்றவில்லை. கதை சொல்லிக்கொண்டு வருகிற எனக்கும் இப்போதுதான் தோன்றுகிறது.

பெட்டி வந்தது. தட்டையான கல்லின் மேல், எல்லோருக்கும் எட்டும்படி வந்தது. ஆமை கால் வைக்கும் வரை திரை காத்திருந்தது. பாம்பு வாயால் கேட்க, பெட்டி வாயால் பதில் சொன்னது. யானை தள்ளி நின்று தும்பிக்கையால் ஊதினால் போதும். வயதானவர்கள் வெயிலில் நிற்க வேண்டாம் என்று முதியோருக்குத் தனி வரிசைகூட உண்டு. தாகத்தில் விழுகிறவர்கள் இல்லாமல் போனார்கள். மான்கள் தினமும் புலி இருக்கும் இடத்தைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தண்ணீர் குடித்தன. புலியும் மான் இருக்கும் இடத்தைக் கேட்டுவிட்டுப் போகும்; அது போய்ச் சேர்வதற்குள் அவை இடம் மாறியிருக்கும். "பரவாயில்லையே, நாம படிச்சது வேலை செய்யுது!" என்று செங்கமலம் தன்னைத் தானே நம்பத் தொடங்கியது.

ஒருநாள் காலை மான்கள் வரிசையில் நின்றன. பக்கத்தில் இருந்த முதியோர் வரிசை வழியாக வரதராசன் மெல்ல நடந்து வந்து பெட்டியின் முன்னால் நின்றது. காகத்தின் செய்திக்கும் முன்னால் புலி வந்துவிட்டது.

மான்கள் உறைந்துபோயின. தரையெல்லாம் சருகு. ஒரு குளம்பு அசைந்தாலும் சத்தம் கேட்கும்.

"மான் எங்கப்பா இருக்கு?" என்று புலி அன்பாகக் கேட்டது.

"வணக்கம் ஐயா. தேடுகிறேன்" என்றது பெட்டி. "மான்கள் தற்போது உங்களுக்கு..."

மேலே கிளையிலிருந்த செங்கமலம் தாவிப்போய் வயரைப் பிடுங்கியது. பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, பெட்டியின் குரலிலேயே பேசியது. "மன்னிக்கவும் ஐயா. உங்கள் பாத ரேகை பொருந்தவில்லை."

"இத்தனை நாள் ரேகை கேட்கலையே?"

"புது விதிமுறை. பாதத்தைப் பாறையில் நன்றாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள்."

புலி பணிவாகப் பாதத்தைப் பாறையில் தேய்த்தது. அந்தச் சரசரப்பில் ஒரு மான் நழுவியது.

"பொருந்தவில்லை. இன்னும் அழுத்தித் தேயுங்கள்."

இன்னொரு மான் நழுவியது. புலி சலிக்காமல் தேய்த்துக்கொண்டே இருந்தது. எல்லாக் குட்டிகளையும் அனுப்பிவிட்டுக் கடைசியாகப் பவளக்கொடி போனது. அதற்குள் புலியின் பாதம் சிவந்துவிட்டது.

"இப்பவாச்சும் பொருந்துச்சா தம்பி? ரொம்ப நாள் பட்டினி. கோபமில்லை, சும்மாதான் கேட்கறேன்."

இதுவும் தன்னை நம்பித் தேவையைச் சொன்ன ஜீவன்தானே? ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பச் செங்கமலத்துக்கு மனம் வரவில்லை. தான் யார் யாரைப் பேட்டி கண்டோம் என்று அவசரமாக யோசித்தது. ஆமை, பாம்பு, யானை, மான், முயல், அணில்... காட்டுப்பன்றிகளை மட்டும் கேட்கவில்லை. கேட்கப் போன அன்று அவை குடும்பத்தோடு வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தன; விருந்தெல்லாம் முடிந்து நேற்றிரவுதான் திரும்பியிருந்தன.

"பொருந்தியது ஐயா" என்றது செங்கமலம். "மான்கள் இல்லை. ஆற்றோரப் புதரில் காட்டுப்பன்றிகள் இருக்கின்றன. கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு அசந்து தூங்குகின்றன."

மறுநாள் புலி வந்து பெட்டிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனது. மான்களும் நன்றி சொல்லின. காதில் ரத்தக் காயத்தோடு ஒரு பன்றி முறையிட வந்தது. கோதண்டம் பேட்டி கொடுத்தவர்களின் பெயர்களை எல்லாம் பார்த்துவிட்டு, "நீங்க இந்தப் பெட்டியோட பயனாளியே இல்லையேம்மா" என்று அனுப்பிவிட்டது.

சபையில் சிங்கராஜா செங்கமலத்துக்கு மாலை போட்டார். பயனாளி எவரும் குறை சொல்லாத முதல் அரசுத் திட்டம் இதுதான் என்றார். செங்கமலம் பதிலுக்குப் பேச எழுந்தது. "எல்லாரையும் கேட்டுச் செஞ்சோம்" என்று ஆரம்பித்தது. அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அடக்கம் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள்.

கதை இவ்வளவுதான். நல்லது செய்ததா, கெட்டது செய்ததா என்று எனக்கே பிடிபடவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் எழுந்தால் விடமாட்டீர்களே!

நீதி: உங்களுக்கு என்ன தேவை என்று கேட்டு யாராவது வந்தால், கல்யாணத்தை விட்டாவது வீட்டில் இருங்கள். இல்லாவிட்டால் வேறொருவர் தேவையில் நீங்கள் இடம்பெற்றுவிடுவீர்கள்.