மிதந்தால் பிழைப்பான்

வெள்ளிக்கிழமை விடிந்தால் போதும், போடியிலிருந்து முந்தல் போகும் சாலையில் ஜீப்பு நகராது. சிலமலையிலிருந்து ஆட்டோ, தேவாரத்திலிருந்து வேன், மேலே எஸ்டேட்டுகளிலிருந்து லோடு ஜீப்பு. எல்லாம் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் மிதவைச் சாமியாரைப் பார்க்கத்தான்.

ஆஸ்பத்திரியில் கிடப்பவர் பிழைப்பாரா மாட்டாரா என்று சாமியார் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஸ்கேன் வேண்டாம். நோயாளிகூட வேண்டாம். பெயரைச் சொன்னால் போதும். செம்புப் பானைத் தண்ணீரில் ஓர் ஏலக்காயைப் போடுவார். மிதந்தால் உயிர் உண்டு. மூழ்கினால் பரிகாரம் உண்டு. காணிக்கை, எட்டு எம்எம் பருமனுள்ள குண்டு ஏலக்காய் ஒரு கிலோ. அதைவிடச் சிறுகாய் தெய்வத்துக்கு ஆகாதாம். தெய்வத்துக்கு மார்க்கெட் நிலவரம் நன்றாகவே தெரிந்திருந்தது.

அன்றைய கூட்டத்தில் ஈஸ்வரி நின்றாள். ஏலக்காய்க் கடையில் பன்னிரண்டு வருடமாகக் காய் தரம் பிரிப்பவள். அவள் புருஷன் மலைச்சாமி, மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு டிரைவர், ஒன்பது நாளைக்கு முன்னால் வண்டியில் ஏறப் போனவன் அப்படியே சரிந்தான். மூளைத்தண்டில் ரத்தக்கசிவு. தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில், மூச்சு மெஷினில் கிடக்கிறான்.

டாக்டர் அனுசியா ஒளிக்காமல் சொல்லியிருந்தார். "கட்டைவிரல் தண்டி இடம்மா அது. மூச்சு, முழிப்பு எல்லாம் அங்கதான். கசிஞ்சது எவ்வளவு, எந்தப் பக்கம், வந்தப்ப எவ்வளவு நினைவு இருந்துச்சு, என்ன வயசு, இதையெல்லாம் வச்சுத்தான் கணிப்போம். இவருக்குக் கசிவு சின்னது, ஒரு பக்கமா இருக்கு. கண்ணை மேல தூக்குங்கன்னேன், தூக்கினார். நம்பிக்கை இருக்கு. ஆனா உறுதியாச் சொல்ல முடியாது."

அந்த 'முடியாது' கொழுந்தன் பாண்டித்துரைக்குப் பிடிக்கவில்லை. "இம்புட்டுப் படிச்சும் தெரியலங்கிறாங்க மதினி. சாமி நாள், மணியோட சொல்றாரு!"

போன வெள்ளி அவன்தான் ஒரு கிலோ காயைச் சுமந்து வந்தான். அண்ணன் பெயருக்குப் போட்ட காய் கல்லாய் மூழ்கியது. அழுதான். பரிகாரத்துக்கு இன்னும் இரண்டு கிலோ. அடுத்த காய் மிதந்தது. மறுபடி அழுதான், இந்தத் தடவை சந்தோஷத்தில். நிபந்தனை ஒன்றுதான்: இந்த வெள்ளி சாயங்காலத்துக்குள் குழாயைப் பிடுங்கிவிட்டு மலைச்சாமியைக் கொட்டகைக்குக் கொண்டுவர வேண்டும். நாற்பத்தெட்டு நாளில் ஜீப்பு ஓட்டுவானாம். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே எடுக்க ஈஸ்வரியின் கையெழுத்து வேண்டும். ஆம்புலன்ஸ் தயார். பேனாவும் பாண்டித்துரை சட்டைப்பையில் தயார்.

"மெஷினை எடுத்தா போடி போய்ச் சேர்றதுக்குள்ள மூச்சு நின்னுரும்மா" என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

இதற்கு முன் இப்படிக் கொண்டுவரப்பட்ட இரண்டு பேர் வழியிலேயே செத்துப்போனார்கள். சொந்தக்காரர்கள் வழியில் சாமி வாக்கைச் சந்தேகப்பட்டதுதான் காரணமாம். செத்தவர்கள் எழுந்து வந்து மறுத்துப் பேசவில்லை. அதனால் சாமியாரின் வாக்கு இதுவரை பொய்த்ததே இல்லை!

"கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால ஒருவாட்டி என் கண்ணால பாத்துக்கிறேன்" என்றுதான் ஈஸ்வரி வந்திருந்தாள்.

அவளுக்கு முன்னால் சிலமலை மொக்கம்மாள். மகனுக்காக வந்தவள். காய் மூழ்கியது. "ஐயோ, என் அப்பு!" என்று தரையில் விழுந்தாள்.

ஈஸ்வரிக்கு உறுத்தியது. காய்ந்த காய் மூழ்குமா? கடைக்குள் மழைத்தண்ணீர் புகுந்த வருடம் மூட்டை மூட்டையாக மிதந்த காயைச் சாக்கால் அள்ளியவள் அவள்.

"சாமி, என் காயிலயே போட்டுப் பாக்கலாமா?"

"தெய்வக்காய்தான் பேசும் தாயி."

"ஏன், நம்ம போடிக் காய் ஊமையா?"

கூட்டம் சிரித்தது. சிரிப்புக்குப் பயந்து சாமியார் தலையாட்டினார். முந்தானை முடிச்சிலிருந்து ஒவ்வொரு காயாக எடுத்துப் போட்டாள். "என் வீட்டுக்காரர் மலைச்சாமி." மிதந்தது. "கொழுந்தன் பாண்டித்துரை." மிதந்தது. "மாமனார் வீரணன்." அதுவும் மிதந்தது.

"மாமா எம்புட்டு வருசம் இருப்பாரு சாமி?"

"தீர்க்காயுசு!"

கூடவே வந்து நின்ற பாண்டித்துரை வாயைப் பிளந்தான். "சாமி... எங்கப்பா செத்து மூணு வருசமாச்சே. நான்தானே பாடை தூக்குனேன்!"

"வெரசா ரேசன் கார்டுல பேரைச் சேத்துரு மாப்ளே!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"சந்தேகக்காரி!" என்று சாமியார் சீறுவதற்குள் ஈஸ்வரி அவருடைய மரப்பெட்டியில் கைவிட்டாள். காய்களை உள்ளங்கையில் உருட்டினாள். சில காய் கனத்தன. இவ்வளவு கனமான காயை எந்த மலையும் காய்த்ததில்லை. ஒன்றை நகத்தால் பிளந்தாள். விதை இல்லை. தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டு 'டங்' என்று பானைக்குள் விழுந்தது.

எதை எப்போது எடுப்பது என்பதுதான் சாமியார் கற்ற ஒரே வித்தை.

மொக்கம்மாள் எழுந்தாள். பானைக்குள் கைவிட்டு, மகன் பெயருக்கு மூழ்கிய காயை எடுத்துப் பிளந்தாள். அதிலும் ஈயம். "எம் பிள்ளை பிழைக்க மாட்டான்னு இதை வச்சாடா சொன்ன?" சாமியார் ஓடப் பார்த்தார். வேட்டி தடுக்கிப் பானையோடு கவிழ்ந்தார். போலீஸ் வரும்வரை எஸ்டேட் பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து அவருக்கு எத்தனை நாள் என்று கணித்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் பாண்டித்துரை தலைகுனிந்து நின்றான். கையெழுத்துக்கு அவன் வாங்கி வைத்திருந்த தாளை ஈஸ்வரி நாலாகக் கிழித்தாள்.

"இன்னைக்கு எப்படி டாக்டர்?"

"கூப்பிட்டதும் கண்ணைத் தூக்கினார். நாளைக்கு எப்படின்னு தெரியாதும்மா."

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றவங்ககிட்டயே அவர் இருக்கட்டும்."

ஒரு மூட்டை காய் எடுக்க நாலு காயைப் பிளந்து, முகர்ந்து, கடித்துப் பார்க்கிற ஊர் இது. புருஷன் உயிரையும் பிள்ளை உயிரையும் ஒரு காயிடம் ஒப்படைத்தபோது மட்டும் ஒருவரும் நகத்தை நீட்டவில்லை. நகம் எல்லோருக்கும் இருக்கிறது ஐயா. அதைவிடக் கூரான ஒன்று கழுத்துக்கு மேலே சும்மா கிடக்கிறது. எப்போது எடுப்பதாக உத்தேசம்?