சிலிக்கான் சித்தரும் சுற்றாத பொம்மையும்

மண்ணரைக் கல்யாண மண்டபத்தில் அன்று கல்யாணம் இல்லை. ஆனாலும் வாசலில் வாழை மரம், பன்னீர், கற்கண்டு எல்லாம் இருந்தன. உள்ளே கூட்டம் நெருக்கியடித்தது. பனியன் கம்பெனி முதலாளிகள், அவர்கள் வீட்டு அம்மணிகள், கூடவே ஆளுக்கொரு கம்ப்யூட்டர் பெட்டி. சிலர் பெட்டிக்கு மாலை போட்டே தூக்கி வந்திருந்தார்கள்.

மேடையில் பேனர்: 'பழைய கிராபிக்ஸ் கார்டு புதியதை வெல்லும். சிலிக்கான் சித்தரின் நேரடி நிரூபணம். அனைவரும் வருக.'

சிரிக்காதீர்கள். இது 2007. துணி வாங்கும் வெளிநாட்டு பையர்கள் சிலர் அந்த வருடம் ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். டி-ஷர்ட்டைத் தைப்பதற்கு முன்பே கம்ப்யூட்டரில் ஒரு பொம்மைக்கு மாட்டி, முன்னும் பின்னும் சுற்றிக் காட்ட வேண்டும். பொம்மை வழுக்கிக்கொண்டு சுற்றினால் ஆர்டர். திக்கித் திக்கிச் சுற்றினால், 'அப்புறம் சொல்கிறோம்.' பொம்மையைச் சுற்ற வைப்பது பெட்டிக்குள் செருகும் கிராபிக்ஸ் கார்டு. புது கார்டு வேகம், பழைய கார்டு மந்தம். விஷயம் அவ்வளவுதான். அவ்வளவுதான் என்றால் சித்தர் எப்படிப் பிழைப்பது?

அவருடைய சித்தாந்தம் இது. புது கார்டு கடல் தாண்டி வருகிறது, வழியில் கடல் தோஷம் பிடிக்கிறது. பழைய கார்டோ பல வருடம் பெட்டிச் சூட்டில் வெந்து தவம் செய்தது. அதற்கு அவர் உருவேற்றினால் புதியது மண்ணைக் கவ்வும். ஆகவே புது கார்டைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட வேண்டும். அதை அவர் நொய்யல் ஆற்றில் கரைப்பார். பதிலுக்கு உருவேற்றிய பழைய கார்டு தருவார். தட்சிணை தனி.

நொய்யலில் ஏற்கெனவே ஊரின் அத்தனை சாயமும் கரைந்திருந்தது. கார்டு கரைய அதில் இடம் ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அப்பு நிட்ஸ் பனியன் கம்பெனி முதலாளி அப்புசாமியும் போன மாதம் தன் புது கார்டைக் கரைக்கக் கொடுத்தவர்தான். சிக்கனத்தில் ஆள் கெட்டி. ரத்தான ஆர்டர் ஒன்றில் மிஞ்சிய வாஷ் கேர் லேபிள்களை வீணாக்க மனமில்லாமல், திருட்டுப் போகாதிருக்க அடையாளமாகக் கம்பெனிச் சாமான் எல்லாவற்றிலும் ஒட்டிவைத்திருந்தார். மேசை விசிறியில், 'அப்பு நிட்ஸ். குளிர்ந்த நீரில் தனியாகத் துவைக்கவும்.' ஸ்டேப்ளரிலும் அதே. கரையப் போன கார்டிலும் அதே.

சித்தர் தந்த பழைய கார்டை மாட்டியதும் பொம்மை, மேடேறும் டவுன் பஸ் போலக் குலுங்கியது. அப்புசாமி ஓடிப்போய் முறையிட்டார். சித்தர் கண்ணை மூடினார். திறந்தார். பெட்டி முன்னால் உட்காருவது யார், என்ன நட்சத்திரம் என்று விசாரித்தார்.

உட்காருவது வேல்விழி. மானாமதுரைப் பக்கத்துப் பெண், டிசைன் அறைக்கு ஒரே ஆள். நட்சத்திரம் மூலம். வேறென்ன வேண்டும்? கார்டு குற்றமற்றது, தோஷம் கையில்தான் என்று தீர்ப்பாயிற்று. இன்று மண்டபத்தில் பரிகாரம். திங்கட்கிழமை முதல் அவள் டிசைன் அறையை விட்டுப் பேக்கிங்குக்கு. அவள் கம்ப்யூட்டர் படித்தது அட்டைப்பெட்டி ஒட்டுவதற்கு அல்ல. ஆனால் முதலாளி சித்தர் வாக்கைத் தட்ட மாட்டார்.

நிரூபணம் தொடங்கியது. மேசைமேல் இரட்டைப் பிள்ளைகள் போல இரண்டு பெட்டிகள். அவற்றின் பின்புறம் தெரியாதபடி ஒரு பட்டுத் திரை. இடப்பக்கப் பெட்டியில் உருவேற்றிய பழைய கார்டு, வலப்பக்கத்தில் தோஷமுள்ள புது கார்டு. சித்தர் விபூதி தூவினார். இடப்பக்கப் பொம்மை சுமாராக, ஆனால் நிற்காமல் சுற்றியது. வலப்பக்கப் பொம்மை பாதி திரும்பியது, நின்றது, யோசித்தது, மீதி திரும்பியது.

மண்டபமே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

பரிகாரத்துக்கு வேல்விழியைக் கூப்பிட்டார்கள். மேடையேறியவள் மணையில் உட்காரவில்லை.

"மொதலாளி, பையர் ஆளு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தா, எந்த அட்டைப்பெட்டியப் பிரிக்கணும்னு யாரு சொல்லுவா? நாமளா?"

"அதெப்படிக் கண்ணு? அவிங்களே எடுப்பாங்க. நாம எடுத்துக் குடுத்தா நல்ல பீஸா பாத்து வெச்சிருப்பம்னு தெரியாதா?"

"இங்கன ரெண்டு பெட்டியும் சாமியே கொண்டாந்து, சாமியே வயரச் சொருகி, சாமியே திரை போட்டிருக்காரு. நாம ஒண்ணையாச்சும் பிரிச்சுப் பாத்தமா?"

கூட்டத்தில் நமட்டுச் சிரிப்பு ஓடியது. நல்ல பீஸை முன்வரிசையில் அடுக்கிவைக்கும் வித்தை தெரியாதவர் அங்கே யார்? தாங்களே செய்யும் தில்லுமுல்லு தாடி வைத்து வந்ததும் அடையாளம் தெரியாமல் போயிற்று.

மூல நட்சத்திரம் தொட்டால் மேடை பற்றி எரியும் என்று சித்தர் எச்சரித்தார். வேல்விழி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் தொடல. சாரதாமணியக்கா தொடட்டும்."

சாமளாபுரத்தில் தறியும் மண்ணரையில் பனியன் கம்பெனியும் வைத்திருப்பவர் சாரதாமணி. அவரும் இரண்டு கார்டு கரைத்தவர். மேடையேறித் திரையை ஒரே இழுப்பில் உருவினார். விரலால் துணியைத் தேய்த்துப் பார்த்தார்.

"பட்டே இல்லீங்க. பாலியஸ்டர்."

பிறகு பெட்டிகளின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். இரண்டு மானிட்டர் வயரும் ஒரே இடத்தில் இல்லை. பழைய கார்டுப் பெட்டியில் வயர் கார்டில் செருகியிருந்தது. புது கார்டுப் பெட்டியில் கார்டின் துளை காலி, வயர் அதற்கு மேலே வேறொரு துளையில்.

"பெட்டியோட கூடவே வர்ற தொளை அது, அக்கா" என்றாள் வேல்விழி. "படம் காட்டும், ஆனா வேகம் இருக்காது. வயரு அதுல கெடக்குற வரைக்கும் புது கார்டு சும்மா உக்காந்திருக்கும்."

"எங்கூட்டு மாப்ள மாதிரி" என்ற சாரதாமணி, பெட்டியை அணைத்து, வயரைப் பிடுங்கிப் புது கார்டில் செருகி, மறுபடி போட்டார்.

வலப்பக்கப் பொம்மை பம்பரமாகச் சுற்றியது. அது போட்டிருந்த சட்டையின் மடிப்புகூட அசைந்தது. பக்கத்துப் பெட்டியில் தவம் செய்த பழைய கார்டுக்கு மூச்சு வாங்கியது.

இது தோஷத்தின் மாய வேகம் என்றார் சித்தர். அப்படியானால் அந்தத் தோஷத்தை நேரில் பார்த்துவிடலாம் என்று அப்புசாமி ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வாங்கினார். வலப்பக்கப் பெட்டியின் தகடு கழன்றது. அவர் குனிந்தார். உள்ளே கார்டில் ஒரு லேபிள்.

"அப்பு நிட்ஸ்" என்று மெல்ல வாசித்தார். "குளிர்ந்த நீரில் தனியாகத் துவைக்கவும்."

நொய்யலில் கரைந்த கார்டு, லேபிள்கூட நனையாமல் வந்திருந்தது.

"ஏனுங் சாமி, கரைச்சீங்களா, தொவைச்சு எடுத்தீங்களா?" என்றார் சாரதாமணி. "என்ர கார்டு ரெண்டும் எங்கீங்க?"

சித்தர் சமையல்கட்டு வழியாக ஓடினார். பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் பிடித்தார்கள். அவருடைய பைக்குள் கரைந்துபோன கார்டுகள் எல்லாம், கோயமுத்தூரில் விற்பதற்குத் தோதாக வரிசையாக இருந்தன. போலீஸ் வந்தபோது சித்தர் மறுபடி வீரணன் ஆகியிருந்தார். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்து நொடித்தவர். பழைய கார்டுகள் விலைபோகாத கவலையில் ஞானம் பிறந்திருக்கிறது.

திங்கட்கிழமை காலை அப்புசாமி டிசைன் அறைக்கு வந்தார். கையில் கார்டும் ஒரு எலுமிச்சம்பழமும்.

"கண்ணு, ராகு காலம் முடியட்டும், அப்புறம் மாட்டிக்கலாமா?"

வேல்விழி கார்டை வாங்கிச் செருகி, வயரை மாட்டி, பெட்டியைப் போட்டாள். பொம்மை சுற்றியது.

"மாட்டியாச்சு மொதலாளி. மூல நட்சத்திரக் கைதான். பழத்தக் குடுங்க, ஜூஸ் போட்டுருவோம்."

ஒரு ரோல் துணி வந்தால் வட்டமாக வெட்டி எடை போட்டுக் கனம் பார்த்து, துவைத்து, காயவைத்து, சாயம் நிற்கிறதா என்று பார்த்துத்தான் காசை நீட்டுகிறோம். தாடிக்காரன் வாயிலிருந்து வரும் சரக்கை மட்டும் ஏனய்யா அப்படியே வாங்கி மாட்டிக்கொள்கிறோம்? அதையும் ஒரு தடவை துவைத்துப் பாருங்கள். முதல் அலசலிலேயே தண்ணீர் நிறம் மாறும்.